ஓய்வுக்கு முன்பே வாங்க வேண்டிய மருத்துவக் காப்பீடு

பெரும்பாலான தனியார் நிறுவனங்களில், கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை நீங்கள் வேலையிலிருந்து நிற்கும் நாளோடு செல்லாததாகிவிடும். பி.எஃப். பணம் கைக்கு வரும், கிராஜுவிட்டி வரும், பிரிவுபசார விழாவில் சால்வை போடுவார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இத்தனை வருடம் இருந்த பாதுகாப்பு மட்டும் கூட வராது. அது தேவைப்படப்போகும் வயதும் அப்போதுதான் ஆரம்பம்.

"ரிட்டயர் ஆனதும் ஒரு பாலிசி எடுத்துக்கலாம்" என்று நினைப்பவர்கள் ஏராளம். 58 வயதில் புதிதாக விண்ணப்பிப்பவரிடம் நிறுவனம் ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் கேட்கும். சுகர், பி.பி. இருந்தால் பிரீமியத்தின் மேல் லோடிங் என்ற கூடுதல் தொகை போடும். ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று ஏதாவது பழைய கதை இருந்தால் முடியாது என்றே சொல்லிவிடவும் கூடும். 2024 ஏப்ரல் முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளை மாற்றியிருக்கிறது, எந்த வயதினருக்கும் பாலிசி விற்க நிறுவனங்களுக்கு இப்போது தடையில்லை. ஆனால் உங்களுக்கு விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "இனி வயது வரம்பே கிடையாது" என்று செய்தியில் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைக் கவனிப்பதில்லை.

இந்த அத்தியாயம் 45-லிருந்து 58 வரை வயதுள்ள தனியார் ஊழியர்களுக்கும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும். மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது, பத்து வருடச் சந்தாவை ஒரே தடவையில் கட்டினால் ஆயுள் முழுக்க அட்டை கிடைக்கும். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. அவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். பிள்ளைகளிடம் கொடுத்தால் நல்லது.

வேலையில் இருக்கும்போதே காத்திருப்பைக் கழியுங்கள்

பாலிசி வாங்கிய மறுநாளே எல்லாச் சிகிச்சைக்கும் பணம் கிடைக்காது. முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு எதற்கும் இல்லை. கண்புரை, ஹெர்னியா, மூலம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்ற சில குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குப் பல பாலிசிகளில் 24 மாதம் காத்திருக்க வேண்டும், சிலவற்றில் 36 மாதம். வாங்கும்போதே உங்களுக்கு இருக்கும் நோய்களுக்கு, அதாவது சுகர், பி.பி., தைராய்டு, இதயக் கோளாறு இவற்றுக்கும் இவற்றால் வருபவற்றுக்கும், அதிகபட்சம் 36 மாதம். 2024-க்கு முன் இது 48 மாதமாக இருந்தது.

இவற்றுக்கு மேல் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இடைவெளி விடாமல் 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால், "நீங்கள் விண்ணப்பத்தில் இதைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். இந்தக் கெடு முன்பு எட்டு வருடம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 58-ல் ஓய்வு என்றால், 55-ல் வாங்கிய பாலிசியில் ஓய்வு பெறும் அன்று 36 மாதம் முடிந்திருக்கும். 53-ல் வாங்கியிருந்தால் 60 மாதமும் முடிந்திருக்கும். இந்த வருடங்களில் உடம்புக்கு ஏதாவது வந்தால் கம்பெனி பாலிசி பார்த்துக்கொள்ளும். உங்கள் சொந்த பாலிசியைத் தொட வேண்டியதே வராது, காத்திருப்பு மட்டும் தன்பாட்டுக்குக் கழியும். அதனால் என் சிபாரிசு 53. 45-லேயே வாங்கினால் இன்னும் நல்லதுதான். அந்த வயதில் பெரும்பாலோருக்குப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் கழுத்தை நெரிக்கும் என்பதால் அதை அடித்துச் சொல்லவில்லை.

"கம்பெனி பாலிசி இருக்கும்போது இரண்டாவதாக ஒன்றுக்கு எதற்குத் தண்டம்?" என்று வீட்டில் கேள்வி வரும். க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்குக் காப்பீட்டுத் தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்பது ஒரு பதில். ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் வருடத்துக்கு 5 சதவீதம், உச்சமாக 50 சதவீதம் வரை இப்படி ஏறும். அதைவிடப் பெரிய பதில், 58 வயதில் உங்களிடம் "இல்லை" என்று சொல்லும் உரிமையை நிறுவனத்திடமிருந்து நீங்கள் முன்கூட்டியே பறித்துக்கொள்கிறீர்கள். ஒருமுறை சேர்ந்துவிட்டால் ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கலாம். க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. இப்போது 3 லட்சத்துக்கு எடுத்துவிட்டு 58-ல் 10 லட்சமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். ஏற்றிய 7 லட்சத்துக்குக் காத்திருப்பு அன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும்.

எழுபது வயதுப் பிரீமியத்தைப் பாருங்கள்

கட்டுப்படியாகிற பாலிசி எது? ஏஜென்ட்டும் சரி, இணையத்தில் ஒப்பிட்டுக் காட்டுகிறவர்களும் சரி, இந்த வருடப் பிரீமியத்தைக் காட்டுவார்கள். அது சம்பளம் வாங்கும்போது கட்டப்போகிற பணம். நீங்கள் பார்க்க வேண்டியது சம்பளம் நின்ற பிறகு, 61-லும் 66-லும் 71-லும் கட்டப்போகிற பணத்தை. ஒவ்வொரு பாலிசிக்கும் வயதுவாரியான பிரீமிய அட்டவணை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். தராமல் மழுப்புகிற ஏஜென்ட்டை அனுப்பிவிடுங்கள். 53 வயதில் இரண்டு பாலிசிகளின் விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்; 71-ஆம் வயதுக் கட்டத்துக்கு வந்தால் ஒன்று மற்றதைவிட எங்கேயோ போயிருக்கும். எழுபதில் கட்ட முடியாமல் விட்டுவிடுகிற பாலிசிக்கு அதுவரை கட்டியதெல்லாம் பெரும்பாலும் வீண். விடும் வயதில்தானே ஆஸ்பத்திரிக்கு அதிகம் போக வேண்டிவரும்?

அட்டவணையில் இருக்கும் விலையும் நிலையானதல்ல. நிறுவனங்கள் அவ்வப்போது எல்லோருக்கும் சேர்த்து ஏற்றும். 2025 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு கடிவாளம் போட்டது: 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். நல்ல விதி. ஆனாலும் வருடாவருடம் 10 சதவீதம் ஏறினால் ஏழெட்டு வருடத்தில் பிரீமியம் இரட்டிப்பாகிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் அப்படி ஏறுவதில்லை.

ஒரு நல்ல செய்தி. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. முன்பு 25,000 ரூபாய் பிரீமியத்துக்கு 29,500 கட்டினோம். இப்போது வரி கிடையாது. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களைச் சேர்த்து எடுக்கும் குழு பாலிசிகளுக்கு இந்த விலக்கு இல்லை. வங்கி கவுண்டரில் "நம்ம கஸ்டமர்களுக்கு ஸ்பெஷல் ரேட் சார்" என்று ஒன்றை நீட்டினால் விலை குறைவாக இருக்கலாம். வாங்கும் முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: அது வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் உங்கள் பாலிசி நின்றுபோகலாம். ஐந்தாறு வருடம் கட்டிய பிறகு 62 வயதில் வேறு இடம் தேட வேண்டிவரும். இரண்டாம் பாலிசியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள்.

பிரீமியத்தைக் குறைக்கும் வழிகள்

எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வழி, சின்ன அடிப்படை பாலிசி ஒன்றும் அதன் மேல் பெரிய சூப்பர் டாப்-அப் ஒன்றும் எடுப்பது. 5 லட்சம் அடிப்படை, அதற்கு மேல் 15 அல்லது 20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப். 25 லட்சத்துக்கு ஒரே பாலிசியாக வாங்குவதைவிட இது பொதுவாக நன்றாகவே மலிவாக விழும். முதல் 5 லட்சம் வரையிலான பில்லுக்கு சூப்பர் டாப்-அப் பணம் தராது என்பதுதான் விலை குறைவுக்குக் காரணம். பெரும்பாலான பில்கள் அந்த 5 லட்சத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

டாப்-அப், சூப்பர் டாப்-அப் என்று இரண்டு உண்டு. விற்கிறவர்களே சமயத்தில் குழப்பிக்கொள்வார்கள். ஒரே வருடத்தில் உங்களுக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் 4 லட்சம் பில் என்று வையுங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டுமே 5 லட்சத்தைத் தாண்டவில்லை, எனவே ஒரு பைசா கிடையாது. சூப்பர் டாப்-அப் வருடத்துக்கான மொத்தத்தைப் பார்க்கும். 8 லட்சத்தில் 5 போக 3 லட்சம் தரும். புற்றுநோய்க்கு மாதாமாதம் கீமோ என்று சிறு சிறு பில்களாக வரும்போது இந்த ஒரு சொல் வித்தியாசம் லட்சக்கணக்கில் விளையாடும். பாலிசித் தாளில் "சூப்பர்" இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

கையில் இப்போது பணம் மிகவும் இறுக்கமாக இருந்தால், அடிப்படை பாலிசியைத் தள்ளிப்போட்டு சூப்பர் டாப்-அப்பை மட்டும் இன்றைக்கே வாங்கிவிடலாம். முதல் 5 லட்சத்துக்குக் கம்பெனி பாலிசி இருக்கிறது. பெரிய தொகைக்கான காத்திருப்பு இப்போதிருந்தே கழியும். அடிப்படை பாலிசியையும் 55-க்குள் எப்படியாவது எடுத்துவிட வேண்டும்.

அந்த அடிப்படை பாலிசியாக ஆரோக்கிய சஞ்சீவனியையும் பார்க்கலாம். 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனமும் விற்க வேண்டிய ஒரே மாதிரி பாலிசி இது. விதிமுறைகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான், விலை மட்டும்தான் வேறுபடும், ஆகவே ஒப்பிடுவது சுலபம். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும். ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதுவும் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் வரைதான். திருச்சியிலோ சேலத்திலோ இந்த வரம்புகளுக்குள் சமாளிக்கலாம். சென்னையின் பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளில் 5,000 ரூபாய்க்குத் தனி அறை கிடைப்பது கஷ்டம்.

ரூம் வாடகை வரம்பு என்பது பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். அதன் வேலையை ஒரு பில்லில் பார்ப்போம். பாலிசியின் வரம்பு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் நாலு நாள் இருந்தீர்கள். வித்தியாசம் நாளைக்கு 3,000, நாலு நாளுக்கு 12,000, அதைத்தானே கைவிட்டுக் கட்ட வேண்டும் என்று நினைப்போம். பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அறையின் தரத்துக்கு ஏற்ப சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாமே ஏறும். அதனால் காப்பீட்டு நிறுவனம் அவற்றையும் அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்காக, வெட்டும். இந்த இனங்கள் 1,60,000 ரூபாய் என்றால் ஒரு லட்சம்தான் வரும். 60,000 போச்சு. அறை வாடகையோடு சேர்த்து 72,000. மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் பொருள்கள், பரிசோதனைகள் இவற்றில் இந்த வெட்டு விழக் கூடாது என்று விதி இருக்கிறது. பில்லில் அங்கேயும் கைவைத்திருந்தால் கேளுங்கள். அட்மிஷன் கவுண்டரில் "சார், இந்த கேட்டகரி ரூம்தான் காலியா இருக்கு" என்பார்கள். "எனக்கு ஐயாயிரம்தான் லிமிட், ட்வின் ஷேரிங் ஆனாலும் பரவாயில்லை" என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கோ-பே என்பது இன்னொரு வழி. 10 அல்லது 20 சதவீதத்தை நாமே ஏற்கிறோம் என்றால் பிரீமியம் குறையும். 60 வயதுக்கு மேல் புதிதாக வாங்கும் மூத்த குடிமக்கள் பாலிசிகள் சிலவற்றில் இது 30 சதவீதம் வரை கட்டாயமாகவே இருக்கும். பைபாஸ் போன்ற ஒரு 6 லட்ச ரூபாய் பில்லில் 20 சதவீதம் என்றால் 1,20,000. அந்தப் பணம் வங்கியில் எப்போதும் எடுக்கத் தயாராக இருக்கும் என்றால் கோ-பே எடுக்கலாம். எனக்கு இதில் அவ்வளவு பிரியம் இல்லை.

மகனையும் மகளையும் உங்களோடு ஒரே குடும்ப பாலிசியில் போடாதீர்கள். குடும்ப ஃப்ளோட்டரில் பொதுவாக மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம். கணவன் மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. இருவரில் ஒருவருக்கு மட்டும் பெரிய நோய் இருந்தால் கணவன் மனைவிக்கே தனித்தனி பாலிசியாக விலை கேட்டுப் பாருங்கள். ஓய்வுக்கு முந்தைய வருடம் போனஸ் வந்தால், இரண்டு மூன்று வருடப் பிரீமியத்தை மொத்தமாகக் கட்டிவிடலாம். தள்ளுபடியும் கிடைக்கும், அந்தக் காலத்துக்கு விலையேற்றமும் உங்களைத் தொடாது. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு 80டி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகை உண்டு: 60-க்குக் கீழே 25,000, மேலே 50,000. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கும் கிடையாது.

நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஹாஸ்பிடல் கேஷ் பாலிசி, நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை தரும் பாலிசி, இவையெல்லாம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும் பாலிசிக்கு மாற்று ஆகாது. விலை குறைவு என்று மயங்க வேண்டாம்.

சுகரை மறைக்காதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு சூப்பர்வைசர், வயது 54, ஆறு வருடமாக சுகருக்கு மாத்திரை. ஏஜென்ட் வீட்டுக்கு வந்து ப்ரபோசல் ஃபார்மை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

"சார், சுகர் இருக்குன்னு எழுதினா லோடிங் போடுவாங்க, மெடிக்கல் டெஸ்டுக்குக் கூப்பிடுவாங்க. விட்டுடலாம் சார். யாரும் பார்க்கப் போறதில்லை."

"ஏங்க, நாளைக்கு க்ளெய்ம்ல மாட்டிக்கிட்டா?" என்கிறார் மனைவி.

"நாங்க இருக்கோம்ல மேடம், பார்த்துக்குவோம்."

"தம்பி, நீங்க இருப்பீங்க. பில்லு எங்க கையிலதானே இருக்கும்? மாத்திரை பேரோட எழுதுங்க."

அந்த அம்மா சொன்னதுதான் சரி. மறைத்தது எங்கே வெளிப்படும் தெரியுமா? ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இரவு டியூட்டி டாக்டர் வந்து, "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்பார். பதற்றத்தில் வீட்டார் யாராவது, "அது இருக்கும் டாக்டர், ஒரு பத்து வருஷமா" என்பார்கள். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். கேஸ் ஷீட்டின் நகல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். பாலிசி எடுத்து மூன்று வருடம், நோய் பத்து வருடம், விண்ணப்பத்தில் "இல்லை". க்ளெய்ம் மறுப்புக் கடிதத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். பாலிசியையே ரத்து செய்துவிடவும் முடியும்.

உண்மையைச் சொன்னவர்களும் இதே கேள்வியில் மாட்டிக்கொள்வதுண்டு. ஆறு வருடமாக இருப்பதை வாய்தவறிப் பத்து என்று சொல்லிவிட்டால், பிறகு மருத்துவரிடம் திருத்தச் சான்றிதழ் வாங்கி அலைய வேண்டும். சுகர், பி.பி. முதன்முதலில் தெரிந்த மாதமும் வருடமும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஃபார்மை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்தோ ஓ.டி.பி.யோ உங்களுடையது; "ஏஜென்ட்தான் எழுதினார்" என்ற வாதம் எடுபடுவது கடினம். பாலிசி கைக்கு வந்ததும் கூட வரும் விண்ணப்ப நகலை வரிவரியாகப் படியுங்கள். தப்பு இருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியது

53 தாண்டிவிட்டது, இன்னும் எதுவும் வாங்கவில்லை, ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. கம்பெனியின் குழு பாலிசியை எந்தக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்ததோ, அதே நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்ப பாலிசிக்கு மாறிக்கொள்ள ஊழியருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு. அப்படி மாறும்போது குழு பாலிசியில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் கணக்கில் சேரும். நிறுவனம் உங்கள் உடல்நிலையைப் பார்த்து விலை வைக்கும்; பழைய சலுகை விலை இருக்காது. ஆனாலும் 36 மாதத்தைத் திரும்ப முதலிலிருந்து எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த வசதியை ஹெச்.ஆர். தானாக வந்து சொல்வது அரிது. அவர்களில் பலருக்கே தெரியாது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், நீங்கள் எந்தத் தேதியிலிருந்து இடைவெளியில்லாமல் சேர்ந்திருக்கிறீர்கள், எவ்வளவு தொகைக்கு, இவை நாலும் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வேண்டும். கடைசி வேலைநாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். அட்டை காலாவதியான பிறகு போய் நின்றால் மாறுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. மாறிய நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் பிறகு புதுப்பிக்கும் சமயத்தில் வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்துகொள்ளலாம். அதற்குப் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும். புதிய நிறுவனம் "ஏற்றுக்கொண்டோம்" என்று எழுதித் தரும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள்.

பிரீமியமே கட்ட முடியாதவர்களுக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், இது உங்களுக்கு. குறைந்தது ஐந்து வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் பணியிலிருந்து விடுபட்டவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும், பெண் ஊழியர் என்றால் கணவருக்கும், ஈ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். வருடத்துக்கு 120, மாதத்துக்குப் பத்து ரூபாய். இதைவிட மலிவான மருத்துவப் பாதுகாப்பு நாட்டில் காசு கொடுத்துக் கிடைக்காது. சென்னை கே.கே. நகரிலும் கோவை சிங்காநல்லூரிலும் மருத்துவக் கல்லூரியோடு கூடிய ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளே இருக்கின்றன. கூட்டத்தில் காத்திருக்க வேண்டும், மருந்துக்கு இரண்டு நடை போக வேண்டும், உண்மைதான். ஆனால் எத்தனையோ மில் தொழிலாளிகளும் செக்யூரிட்டிகளும் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே ஓய்வு பெற்று, வட்டிக்கு வாங்கித் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுகிறார்கள். வேலையை விடும்போது ஓய்வு பெற்றதற்கான சான்றை நிறுவனத்திடம் வாங்கி, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, பிரீமியம் அரசு கட்டுகிறது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள இத்திட்ட மையத்தில் பதிய வேண்டும். இன்னொன்று மத்திய அரசுடையது. 70 வயது நிறைந்த எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை வாங்கலாம். 2024 அக்டோபர் 29 அன்று இது தொடங்கப்பட்டது. வருடம் 5 லட்சம். தனியார் பாலிசி வைத்திருந்தாலும் தகுதி உண்டு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் மட்டுமே செல்லும் என்பதால், உங்கள் ஊரில் எவை சேர்ந்திருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

இந்த மத்திய அரசு அட்டையை நம்பி 58-லிருந்து 70 வரை வெறுங்கையாக இருந்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில்தான் முதல் ஆஞ்சியோவும் முட்டி ஆபரேஷனும் பலருக்கு வருகின்றன.

க்ளெய்ம் நாளில்

பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போதே, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய எந்தெந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் வசதி, உண்டு என்று பாருங்கள். நாடு முழுக்க பத்தாயிரம் ஆஸ்பத்திரி என்ற விளம்பரத்தால் கும்பகோணத்துக்காரருக்கு என்ன லாபம்? சித்த, ஆயுர்வேத சிகிச்சைக்கு உள்நோயாளியாகச் சேர்ந்தாலும் பாலிசி செல்லும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2024 மே மாத விதிகளின்படி கேஷ்லெஸ் கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் கோரிக்கைக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் இழுத்து, அதனால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆஸ்பத்திரியின் காப்பீட்டு (டி.பி.ஏ.) மேசையில் "அப்ரூவல் வரலைங்க, நாளைக்குப் பாருங்க" என்று சொன்னால், கோரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கையுறை, முகக்கவசம், அட்மிஷன் கட்டணம் போன்ற சில்லறை இனங்கள் நம் தலையில்தான் விழும். அவற்றுக்கும் சேர்த்துத் தரும் ரைடர் கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைக்கிறது. வாங்கலாம்.

புதுப்பிக்கும் தேதியை மறந்தால் வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளுக்குள் கட்டினால் காத்திருப்பு வருடங்கள் கலையாது. ஆனால் வருடப் பிரீமியம் கட்டுகிறவர் அந்த இடைவெளி நாள்களில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பணம் கிடைக்காது. பாலிசித் தாள் எங்கே இருக்கிறது, பிரீமியம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஐ.சி.யு.வில் படுத்திருப்பவரிடம் கேட்க முடியாது.

க்ளெய்மை மறுத்தால் எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் புகார் கொடுங்கள். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.